தூதுவரோடை கதைச்சாச்சு

வளைகுடாவில் சண்டை வெடித்த அன்று பின்னேரம், ஜனாதிபதி வேட்பாளர் விமலசேன ஹப்புகொடவுக்கு வல்வெட்டித்துறையில் கூட்டம் இருந்தது. அவர் சிங்களத்தில் பேசுவதை மேடையில் தமிழாக்கிச் சொல்வது தயாளினியின் வேலை. அவள் அச்சுவேலிக்காரி. யுத்தகாலத்தில் தகப்பன் குடும்பத்தை வத்தளைக்குக் கொண்டுபோனதால், அயல் பிள்ளைகளோடு விளையாடியே சிங்களம் பழகிவிட்டாள். வாழ்க்கைப்பட்டு வந்த இடம் வல்வெட்டித்துறை. கணவன் சுபாஸ்கரன் ஓர் எண்ணெய்க் கப்பலில் எஞ்சினியர்.

அந்தக் கப்பல் அன்றைக்கு வளைகுடாவுக்குள்தான் நின்றது.

காலையில் செய்தி கேட்டதும் அவனுக்கு வட்ஸ்அப்பில் எழுதினாள். ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தது. திரும்பத் திரும்ப எழுதினாள். எல்லாம் ஒற்றைச் சரிதான். வேலைக்குப் போகாமல் விடலாமா என்று யோசித்தாள். ஆனால் வீட்டில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தால் விசர் பிடித்துவிடும் போலிருந்தது. சேலையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

நெல்லியடியில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார்சைக்கிள்கள் சந்தியைத் தாண்டியும் வரிசையாக நின்றன. பேச்சை வழியில் ஒருமுறை பார்த்துக்கொள்வதற்காக, வேட்பாளரின் வான் அவளை அங்கேயே ஏற்றியது. உள்ளே ஹப்புகொட, அவருடைய செயலாளர் பிரசன்ன, யாழ்ப்பாண அமைப்பாளர் பஞ்சலிங்கம். பிரசன்ன போனைப் பார்த்து மற்ற வேட்பாளர்கள் சொன்னதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தான். இளைப்பாறிய இராணுவ அதிகாரியான ஒருவர், பெரிய வரைபடத்துக்கு முன்னால் நின்று, யுத்தத்தைக் கண்டவனிடம் நாட்டைத் தாருங்கள் என்று கேட்டிருந்தார். இன்னொருவர் எண்ணெய்க்குத் தட்டுப்பாடே வராது என்று சத்தியம் செய்திருந்தார். மற்றவர் கமராக்காரர்களோடு விகாரைக்குப் போய்ச் சமாதானத்துக்கு விளக்கேற்றியிருந்தார்.

"நாங்கள்தான் சேர் இன்னும் வாய் திறக்கவில்லை" என்றான் பிரசன்ன.

அவன் வழிநெடுக, சண்டை நடக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதுவரை அழைத்துப் பார்த்தான். அழைப்புப் போகவே இல்லை. உடுப்பிட்டி தாண்டியதும் போனை மடியில் வைத்தான்.

"கதைத்தோம் என்றே சொல்லிவிடுங்கள், சேர். எல்லோரும் பத்திரம், விமானம் தயார். இதை யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?"

ஹப்புகொட ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபாஸ்கரன் எங்கே நிற்கிறான் என்பது அந்த வானில் பஞ்சலிங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். அவர் பின்னால் திரும்பி மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, நீர் இண்டைக்கு மேடையிலை நிக்கவேண்டாம். நான் சமாளிக்கிறன்."

"உங்கடை சிங்களத்தை வைச்சுக்கொண்டோ, அண்ணை?"

பஞ்சலிங்கம் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கமாகத் தெற்கு வேட்பாளர்களின் கூட்டங்களுக்குக் கதிரைகளை நிரப்பவே ஆட்களைத் தேடவேண்டும். அன்றைக்குக் கடற்கரை வீதியில் இருக்க இடமில்லாமல் சனம் நின்றது. முக்கால்வாசியும் பெண்கள். கப்பலுக்குப் போன ஆண்கள் உள்ள ஊர் அது. முன்வரிசையில் கஜானி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். தயாளினியின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய கணவன் நிருஷன் வேறொரு கப்பலில், அதே கடலில்.

ஹப்புகொட வீதிகளைப் பற்றியும் இறங்குதுறையைப் பற்றியும் பேசினார். தயாளினி வசனம் வசனமாகச் சொல்லிக்கொண்டு போனாள். பிறகு அவர் குரலை உயர்த்தினார்.

"இன்று காலை அங்குள்ள எங்கள் தூதுவரோடு நானே கதைத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள். கூட்டிவர விமானம் தயார்."

சொல்லிவிட்டு அவள் பக்கம் பார்த்தார்.

பொய் என்று தெரிந்திருந்தும், அந்த வசனத்தைக் கேட்டபோது தயாளினியின் நெஞ்சு ஒரு கணம் இலேசாகியது. அது அவளைப் பயப்படுத்தியது. கீழே கஜானி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தயாளினி மைக்கை இறக்கினாள்.

"சேர், இதை என்னால் சொல்ல முடியாது" என்றாள் சிங்களத்தில்.

"ஏன்?"

"வானில் நானும்தானே இருந்தேன். என் கணவர் அந்தக் கடலில்தான் நிற்கிறார். முன்னால் பிள்ளையோடு நிற்கிறாளே, அவளுடைய கணவரும் அங்கேதான்."

ஹப்புகொட அவளைப் பார்த்தார். பிறகு கஜானியைப் பார்த்தார். கீழேயிருந்து பிரசன்ன கையால் என்னவோ காட்டினான். "என்ன, மைக் பழுதோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"முதலே சொல்லியிருக்கலாமே, மகள்" என்றார் அவர். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். திரும்பவும் மைக்கைப் பிடித்தபோது குரல் இறங்கியிருந்தது.

"எல்லோரும் பத்திரம், விமானம் தயார் என்று நான் இப்போது சொன்னதை விடுங்கள். தூதுவரோடு கதைக்கப் பார்த்தோம். கிடைக்கவில்லை. உங்கள் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது."

தயாளினி அதை ஒரு சொல் குறையாமல் சொன்னாள்.

சனம் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "தெரியாதெண்டால் பிறகு என்னத்துக்கு இஞ்சை வந்தனீர்?"

அதையும் அவள் சிங்களத்தில் சொன்னாள்.

"வாக்குக் கேட்க வந்தேன்" என்றார் ஹப்புகொட. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

கஜானி சிரிக்கவில்லை. "விமானம் விட்டாலும், நடுக்கடலிலை நிக்கிறவையை அது எப்பிடி ஏத்தும் எண்டு கேளுங்கோ அக்கா."

தயாளினி கேட்டாள். ஹப்புகொட கடலின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதை நான் யோசிக்கவில்லை" என்றார். கூட்டம் அதோடு கலைந்தது.

இருட்டுவதற்குள் அந்தத் துண்டு வீடியோ நாடெங்கும் போய்விட்டது. 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்வதை மட்டும் வெட்டி, எதிராளிகள் மேளச் சத்தம் சேர்த்துப் போட்டார்கள். அடுத்த நாள் ஹப்புகொட குருநாகலில் பேசியதைத் தயாளினி வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தாள். அங்கே மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. தூதுவரோடு நேரில் கதைத்தேன், எல்லோரும் பத்திரம் என்றார். பலத்த கைதட்டல்.

பஞ்சலிங்கம் போன் எடுத்தார். "இனி வேறை ஒருத்தரை வைக்கப்போகினமாம், பிள்ளை. குறை நினையாதையும்."

"பரவாயில்லை அண்ணை. எங்கடை ஊரிலை எண்டாலும் மாத்திச் சொன்னவர்தானே."

"ஓம், எங்கடை ஊரிலை மட்டும்" என்றார் பஞ்சலிங்கம்.

அதற்குப் பிறகு சில நாட்கள் ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் காலையில் சுபாஸ்கரனின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. கப்பலைக் கரையோரம் ஒதுக்கி நங்கூரம் போட்டிருக்கிறார்களாம். தனக்கு ஒன்றுமில்லை என்றான். "பக்கத்துக் கப்பல் ஒண்டு எரிஞ்சது. எங்கடை கண்ணுக்கு முன்னாலைதான்." எந்தக் கப்பல் என்று அவள் கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது.

எரிந்தது நிருஷன் நின்ற கப்பல். இரண்டு கையிலும் எரிகாயத்தோடு அவன் தப்பியிருந்தான். கூட்டம் நடந்த அன்று காலையிலேயே அது நடந்திருந்தது.

நிருஷனை அனுப்பிவைக்கிறோம் என்று கப்பல் கம்பனி அறிவித்த நாளில் கஜானி தயாளினியிடம் வந்தாள். படியில் இருந்தாள். தேத்தண்ணியைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

"அக்கா, அண்டைக்கு வீட்டை போய் உங்களை நல்லாத் திட்டினனான்."

"ஏன்?"

"அந்தாள் பத்திரம் எண்டு சொன்னதை அப்பிடியே சொல்லியிருக்கலாம். பொய்யெண்டாலும் நான் ஒரு ராவாவது நித்திரை கொண்டிருப்பன்."

தான் செய்தது சரி என்றே தயாளினி அதுவரை நினைத்திருந்தாள். இப்போதும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் கஜானியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நானும் நித்திரை கொள்ளேல்லை, கஜானி."

"தெரியும். உங்கடை வீட்டு லைற் எரிஞ்சுகொண்டே இருந்தது." கஜானி தேத்தண்ணியைக் குடித்தாள். "சனிக்கிழமை கட்டுநாயக்கா எயார்போட்டிலை அவர் வந்து இறங்குறார். அங்கை இருந்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவேணும். சிங்களம் கதைக்கிற ஒராள் வேணும் அக்கா. வருவீங்களோ?"

"சனிக்கிழமை வாக்களிப்பு."

"ஓம்" என்றாள் கஜானி.

"வாறன்" என்றாள் தயாளினி.

அந்த முறை அவர்கள் இருவரும் வாக்குப் போடவில்லை. வாக்களிப்பு முடிந்த நேரத்தில், கொழும்பு ஆசுபத்திரியொன்றில் நிருஷனுக்கு எப்போது தோல் ஒட்டுவார்கள் என்று தயாளினி தாதியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஹப்புகொட மூன்றாவதாக வந்ததைப் பஞ்சலிங்கம்தான் போனில் சொன்னார்.