முப்பத்தொன்பது நாள் பழைய பக்கம்

அண்ணிக்குப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. அண்ணனுக்கு எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஓர் அணைக்கட்டில் உத்தியோகம். ஆறு வருடமாக மாதம் ஒருமுறைதான் வந்து போனான். அவன் இருக்கும் ஊருக்கே மாற்றல் கேட்டு அண்ணி விண்ணப்பித்திருந்தாள். தினமும் காலையில் கல்வித் துறையின் இணையப் பக்கத்தைத் திறப்பாள். 'பரிசீலனையில் உள்ளது' என்றிருக்கும். அதைப் படம்பிடித்து அவனுக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவாள்.

அண்ணனின் தங்கையும் அதே வீட்டில்தான் இருந்தாள். அவள் ப்ரோகிராமர். அண்ணன் அவளுக்குப் போன் செய்தான்.

"அந்தப் பக்கம் உசுரோட இருக்கான்னு கொஞ்சம் பாரேன், வாலு. எத்தனை நாளா ஒரே பாட்டு!"

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை வைத்தாள். பைத்தானில் நாலே வரி எழுதினாள். பக்கத்தோடு சர்வர் அனுப்பும் ஹெடர்களை மட்டும் எடுத்துக் காட்டும் நிரல் அது. பார்சலின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி, பக்கம் எங்கிருந்து எப்போது வந்தது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். பிரௌசர் அவற்றை வெளியே காட்டாது.

பன்னிரண்டு வரிகள் வந்தன. அதில் ஒன்று பக்கத்தின் வயது: முப்பத்து மூன்று லட்சத்து எழுபதாயிரம் வினாடி. வகுத்துப் பார்த்தாள். முப்பத்தொன்பது நாள். இடையிலிருந்த ஏதோ ஒரு சர்வர் தன்னிடம் சேமித்திருந்த பழைய நகலையே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நகலைத் தாண்டிப் போக, முகவரியின் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்த்து மறுபடி கேட்டாள். புதிய பக்கம் வந்தது. 'ஆணை வழங்கப்பட்டது. பணியில் சேரக் கடைசி நாள்: திங்கட்கிழமை.'

"அண்ணி! ஆர்டர் வந்துடுச்சு!"

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும். பதினேழு நாளாச்சு. தபால்ல வந்துச்சு, பீரோவுல இருக்கு."

"அப்ப தினமும் அனுப்புற படம்?"

"பக்கம் மாறவே இல்ல. அது சொன்னதையே நானும் சொல்லிட்டேன்." ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "இங்க நான் கணக்கு டீச்சர். அங்க டீச்சராவே போனாலும் எல்லாருக்கும் இன்ஜினியர் பொண்டாட்டி மட்டும்தான். அவர்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு அந்தப் படத்தை அனுப்பாதீங்க."

அண்ணி அன்று மாலையே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். திங்கட்கிழமை அவள் வழக்கம்போலப் பள்ளிக்குப் போனாள். இரண்டு வாரம் அவனிடமிருந்து போன் இல்லை.

அடுத்த மாதம் வந்தவன், இந்த ஊருக்கே மாற்றல் கேட்டுத் தான் எழுதிய விண்ணப்பத்தை அவளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். இரண்டு எழுத்துப் பிழைகளை அவள் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தாள்.