வழக்குக்குக் கொடுத்த பெயர்

என் மகள் ஷெரின் போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்கு எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள், ஓட்டத்திலும் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான். அதற்காகப் போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் பகுதி ஸ்டேஷனிலிருந்து ஏட்டு பாக்யராஜ் வந்தார். என் மனைவி ரீட்டா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மரியதாஸ், பொண்ணு மேல கேஸ் இருக்குதே."

"எந்தப் பொண்ணு மேல சார்?"

"உன் பொண்ணு மேலதான்யா. சாலை மறியல். ஒன்பதாவது எதிரி. தலைமறைவுன்னு வேற போட்டிருக்கு. அஞ்சு வருஷமா."

ரீட்டா சிரித்துவிட்டாள். "தலைமறைவா? தெனம் காலைல உங்க ஸ்டேஷனத் தாண்டித்தான் சார் ஓடுறா. ஒருத்தர் கண்ணுலயும் படலியா?"

ஏட்டு சிரிக்கவில்லை. ஷெரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எந்த வழக்கும் இல்லன்னு ஃபார்ம்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேனே சார்."

"அதாம்மா பெரிய சிக்கல். கேஸ் இருக்கறத வுட அத மறைச்சதுதான் மேல பெருசாத் தெரியும். பத்து நாள்ல எழுத்துல விளக்கம் குடு. இல்லன்னா உன் எடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அவர் வண்டி தெரு திரும்பியதும் ரீட்டா, "வேற எவளோ ஷெரின்," என்றாள். "பேர் மாறிப்போச்சு."

பெயர் மாறவில்லை. எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்பு எங்கள் ஊர் மோட்டார் எரிந்து பதினேழு நாள் தண்ணீர் வரவில்லை. கொம்யூன் பஞ்சாயத்துக்கு நானே மூன்று மனு எழுதினேன். பதில் இல்லை. குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தோம், அறுபது பேருக்கு மேல். ஸ்டேஷனில் அன்றைக்கு இருந்ததே எஸ்.ஐ.யோடு சேர்த்து நாலு பேர். யாருடைய பெயரையும் குறிக்க அவர்களுக்கு ஆளில்லை. சாயங்காலம் எஸ்.ஐ. எங்களைக் கூப்பிட்டனுப்பினார். "கேஸ் போடலன்னா என்னைக் கேப்பாங்க. பன்னெண்டு பேர் எழுதிக்கினு வாங்க. ரெண்டு பொம்பளைங்க இருக்கணும். பேப்பரும் நீங்களே கொண்டாந்துடுங்க, இங்க இல்ல."

எங்கள் ஊரில் இது புதிதல்ல. மறியல் என்றால் வழக்குக்குப் பெயர் கொடுக்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்து, எந்தப் பெயர் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று பார்ப்போம். பாஸ்போர்ட் எடுக்கப்போகிறவன், பரீட்சை எழுதுகிறவன், இவர்கள் பெயரை அடித்துவிடுவோம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பட்டியலை எப்போதும் என்னிடம்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு இரண்டாவது பெண் பெயர் கிடைக்கவில்லை. ஷெரின் அப்போது கடலூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். ஊரிலேயே இல்லாதவளை யார் வந்து பிடிப்பார்கள் என்று அவள் பெயரை எழுதினேன். பிறகு எஸ்.ஐ., "எல்லாம் முடிச்சாச்சு" என்று வாயால் சொன்னார். நாங்களும் நம்பிவிட்டோம்.

இதைச் சொல்லி முடித்தபோது ரீட்டா பக்கத்தில் இருந்த அரிசி முறத்தை அப்படியே கீழே போட்டாள். ஷெரின் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பக்கத்து வீட்டுக் குமரவேல் அண்ணன் பேர் அந்த லிஸ்ட்ல இருந்துச்சா?"

"இல்ல. அவன் அப்ப வேலைக்குப் படிச்சிக்கினு இருந்தான்."

"நானுந்தான் படிச்சிக்கினு இருந்தேன்."

"நீ பொம்பளப் புள்ள. ரெண்டு வருஷத்துல கட்டிக் குடுத்துடுவோம், கேஸ் இன்னா பண்ணப்போவுதுன்னு…"

ஐந்து வருடத்தில் அதை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. என் காதில் விழுந்தபோதுதான் எனக்கே அது என்னவென்று தெரிந்தது.

சேதி அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. அன்றைய மறியலை முன்னால் நின்று நடத்திய சுப்புராயன் வந்தார். "மரியதாஸ், எதுக்குய்யா கலக்கம்? அது வேற ஷெரின்னு எழுதிடு. உண்மைய எழுதினா பட்டியல் மொத்தமும் கிளறுவான். அந்த எஸ்.ஐ. இப்ப இன்ஸ்பெக்டர். நாளைக்கு அடிதடின்னா எந்த மொகத்த வச்சிக்கினு ஸ்டேஷனுக்குப் போவோம்?"

"வேற ஷெரின்னு எழுதினா அது இன்னொரு பொய்தானே மாமா?" என்றாள் ஷெரின்.

"போலீஸாவறதுக்கு முன்னாடியே இவ நம்மள விசாரிக்கறாடா," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

விளக்கத்தை நானே எழுதினேன். 'தவறுதலாகப் பெயர் சேர்க்கப்பட்டுவிட்டது' என்று எழுதியிருந்தேன். ஷெரின் படித்துப் பார்த்து அந்த வரியை அடித்தாள்.

"தவறுதலா இல்லப்பா. யார் கேட்டது, யார் எழுதினது, எங்க உக்காந்து எழுதினது, எல்லாத்தயும் எழுது."

"என் மேல கேஸ் வரும்டி."

"வரும்," என்றாள். நான் வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். ரீட்டா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஹாஸ்டல் வருகைப் பதிவின் நகலோடு ஸ்டேஷனுக்குப் போனோம். பாக்யராஜ் நின்றபடியே படித்தார். இரண்டாவது பக்கத்தில் அவர் முகம் மாறியது.

"அம்மா, இத நான் வாங்கினா மேல அனுப்பணும். அனுப்பினா இன்ஸ்பெக்டர் பேரும் போவும். யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன் சார். ரசீது குடுங்க."

உள்ளே போனவர் அரை மணி நேரம் கழித்து முத்திரை போட்ட ரசீதோடு வந்தார். விசாரணை முடியும்வரை அவள் இடத்தை நிறுத்திவைக்கச் சொல்லி மேலே எழுதுவதாகச் சொன்னார். அவ்வளவுதான் தன்னால் முடியும் என்றார். நான் எழுந்தேன்.

"நீ எங்கய்யா போற? உக்காரு. உன்கிட்ட வாக்குமூலம் வாங்கணும்."

ஷெரின் நகரவில்லை. "நான் இருக்கலாமா சார்?"

"இது இனிமே விளக்கம் இல்ல, புகார். உன்னுதாச்சே, இரும்மா."

அவர் மேசைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். இந்தப் பக்கம் நான் மட்டும் இருந்தேன்.

"சொல்லு மரியதாஸ். அந்தப் பன்னெண்டு பேர்ல, அன்னிக்கு நெசமா ரோட்டுல உக்காந்தவங்க எத்தினி பேரு?"

"ரெண்டு பேர் சார்," என்றேன்.

ஷெரின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அது அவளுக்கும் புதிது.