எட்டு மணி ஜெபமும் ஒரு பால்கனி அறையும்

கப்பலில் வேலை பார்க்கிற புருஷன் பால்கனி வைத்த அறையில் உட்கார்ந்துகொண்டு போன் பேசினால், எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்? ஜெரூஷா சும்மா இருக்கவில்லை.

ஷெர்வின் அந்தக் கப்பலில் மாலுமியும் இல்லை, அதிகாரியும் இல்லை. லாண்டரி ஆள். மூவாயிரம் பயணிகளின் படுக்கை விரிப்பும் துண்டும் வந்து குவிகிற அடித்தளத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை. தூக்கமும் அங்கேதான், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், இன்னும் மூன்று பேரோடு. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு அவன் வீடியோவில் வந்தால், முகத்துக்குப் பின்னால் ஓர் இரும்புச் சுவரும் யாரோ காயப்போட்ட பனியனும் தெரியும். ஜெரூஷாவுக்கு அந்தப் பனியனைப் பார்த்தால் ஒரு நிம்மதி. பனியன் தொங்குகிற இடத்தில் வில்லங்கம் எதுவும் நடக்காது என்பது அவள் கணக்கு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் அந்தக் கணக்கு தப்பவில்லை.

பிறகு கொரோனா வந்தது. உல்லாசக் கப்பல் தொழில் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. பயணிகளை இறக்கிவிட்ட கப்பல்களை எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஷெர்வின் இருந்த ஸில்வானா அங்கே இங்கே அலைந்துவிட்டு, இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டு நின்றது. அக்கம்பக்கத்தில் இன்னும் ஐந்து கப்பல்கள், அதே போல் காலியாக. கரையில் இருப்பவர்கள் அவற்றைப் படம் பிடிக்கப் படகில் வருகிறார்கள் என்று ஷெர்வின் சொன்னான்.

மே மாதம் ஒருநாள் பனியனைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளைத் திரைச்சீலை, அதற்குப் பின்னால் கண்ணாடிக் கதவு, பால்கனி, கடல். இரண்டு பேர் தாராளமாகப் புரளக்கூடிய கட்டில். தொற்று பரவாமல் இருக்க ஆளுக்கொரு விருந்தினர் அறை கொடுத்துவிட்டார்கள் என்றான் ஷெர்வின். ஜெரூஷா தலையை ஆட்டினாள், நம்பவில்லை. நம் ஊரில் கல்யாண மண்டபக்காரன், கல்யாணம் இல்லாத நாளில்கூட மாப்பிள்ளை அறையைச் சமையல்காரருக்குத் திறந்துவிட மாட்டான். வெள்ளைக்காரக் கம்பெனி லாண்டரி ஆளுக்குப் பால்கனி கொடுக்குமா? கட்டிலில் இரண்டு தலையணை. பால்கனியில் இரண்டு நாற்காலி. அவள் எண்ணிவிட்டாள்.

அடுத்தது மலை. மதியம் ஒரு மணிக்கு, ஆன்லைன் வகுப்பு முடிந்து அவள் சாப்பிட உட்காரும்போது அவன் பேசினால், கண்ணாடிக்கு வெளியே ஒரு பச்சை மலை இருக்கும். இரவு எட்டு மணிக்கு, அதாவது அவனுடைய பிற்பகலில் பேசினால், மலை இருக்காது, வெறும் கடல். கப்பல் நகரவே இல்லை என்கிறீர்களே, மலை எழுந்து நடந்து போய்விட்டதா என்று கேட்டாள். கப்பல் அப்படித்தான் சுற்றும் என்று சொல்லிவிட்டு, மகள் ஹெப்சி கணக்கில் எவ்வளவு மார்க் என்று கேட்டான். மகளுக்கு அப்போது பரீட்சையே நடக்கவில்லை. ஆக, மதியம் ஓர் அறை, சாயங்காலம் இன்னோர் அறை. இரண்டாவது அறை யாருடையது?

ஜெரூஷா சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சந்தேகத்தைச் சும்மா மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. உலகத்துக் கப்பல்களெல்லாம் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிற ஓர் ஆப்பைப் போனில் இறக்கிக்கொண்டாள். கிராஃப் நோட்டில் தேதி போட்டு ஸில்வானா நின்ற இடத்தைக் குறித்தாள். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கப்பல் கிளம்பி நடுக்கடலுக்குப் போகிறது. ஒரு ராத்திரி இருந்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புகிறது. பயணி இல்லாத கப்பலுக்கு நடுக்கடலில் என்ன வேலை? யாருக்காக இந்த உலா?

இதையெல்லாம் அவள் யோசித்தது சமையலறையில் நின்றுகொண்டு. வீட்டில் இருந்தது ஒரு ஹால், ஒரு படுக்கையறை. படுக்கையறையில் ஹெப்சியின் வகுப்பு. ஹாலில் மாமியார் ரத்தினபாய், யூடியூபில் ஆராதனை. ஆகவே ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம், பிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நடந்தது. பின்னால் பாத்திர அலமாரி தெரியாமல் இருக்க ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்தப் பெட்ஷீட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பால்கனியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேசும்போது ஷெர்வின் போனைக் கையில் பிடித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வான். அறை முழுதாகத் தெரியாது. தெரிவது எட்டு மணி குடும்ப ஜெபத்தில் மட்டும். அப்போது இரண்டு கையையும் கூப்ப வேண்டுமே. போனை மேஜையில் சாய்த்து வைத்துவிடுவான். இந்தப் பக்கம் ஹால் மேஜையில் ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்து இவர்களுடைய போன். ஒரு பாட்டு, ஹெப்சி பைபிளிலிருந்து வாசிக்கும் சங்கீதம், ரத்தினபாயின் ஜெபம், கடைசியில் ஜெரூஷா ஆரம்பித்துவைக்க எல்லோரும் சேர்ந்து சொல்கிற பரமண்டல ஜெபம். இதுதான் வரிசை.

ரத்தினபாயின் ஜெபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த அம்மாள் மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. சபையில் யாரைக் கேட்டாலும் சாட்சி சொல்வார்கள். சொல்ல வேண்டியதை ஆண்டவரிடம் சொல்லிவிடுவாள். “உம்முடைய மகளுக்கு அதிகாலையில் எழும்புகிற பாக்கியத்தைத் தாரும் ஆண்டவரே” என்று கண்ணை மூடி உருகினால், மறுநாள் ஜெரூஷா ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். “இந்த வீட்டில் எண்ணெயும் குறைந்துபோகாதபடிக்கு” என்றால், வடைக்கு ஊற்றின எண்ணெய் அதிகம் என்று அர்த்தம். ஜெபத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஆமென் சொல்வது ஒன்றுதான் வழி. ஜெரூஷா பதினோரு வருஷமாக ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிஷம் எல்லோர் கண்ணும் மூடியிருக்கும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஜூலை மாதத்தில் ஒருநாள், மாமியார் ஜெபத்தை ஆரம்பித்ததும், ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தாள்.

போனில் நாற்காலி காலியாக இருந்தது.

ஷெர்வினைக் காணோம். திரைச்சீலை காற்றில் ஆடியது. ரத்தினபாய் அடைபட்ட வாசல்களைத் திறந்து என் மகனை வீடு சேர்த்தருளும் என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். மகன் எழுந்தே போய்விட்டிருந்தான். பதினெட்டு நிமிஷம் கழித்து, கிழவியின் குரல் முடிவுக்கு இறங்குகிற நேரம் பார்த்துத் திரும்பி வந்து உட்கார்ந்தான். கண்ணை மூடினான். பரமண்டல ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஆமென் சொன்னான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஜெரூஷா மாட்டிக்கொண்டது இங்கேதான். ஜெபத்தில் எழுந்து எங்கே போனீர்கள் என்று கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பான். ஜெபத்தில் கண்ணைத் திறக்கிற மருமகள் என்று ஆகிவிட்டால், அடுத்த ஆறு மாதத்து ஜெபமும் அவளைப் பற்றித்தான். திருடனைப் பிடித்தவள் தானும் அந்த வீட்டுக்குள் ஏறிக் குதித்திருந்தாள். யாரிடமும் சொல்ல முடியாமல், தினம் எட்டு மணிக்குக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்தாள். அந்த இரண்டாவது தலையணைக்கு ஒரு முகம் வரைந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, சின்ன மூக்கு. அதற்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டாள். சில நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆகஸ்ட் கடைசியில் அசரியா ஊருக்கு வந்துவிட்டான் என்று தெரிந்தது. மாடம்பாக்கத்துப் பையன், ஷெர்வின் சொல்லித்தான் அந்தக் கப்பலிலேயே கிச்சன் வேலைக்குச் சேர்ந்தவன். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று வாசலில் தகரம் அடித்துப் பதினாலு நாள் அவனை வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். தகரத்தைப் பிரித்த அன்றைக்கே ஜெரூஷா ஸ்கூட்டியில் போய் நின்றாள். அண்ணா கொடுத்துவிட்டது என்று ஒரு பையை நீட்டினான். ஹெப்சிக்குச் சாக்லேட், வாசனை சோப்பு.

அவள் வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அசரியாவும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். அறை உண்மைதான், எல்லோருக்கும் விருந்தினர் அறைதான் கொடுத்தார்கள். நங்கூரம் போட்ட கப்பல் ஒரே திசையில் நிற்காது. தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பும், அதனால் மதியம் பார்த்த மலை சாயங்காலம் மறுபக்கம் போய்விடும். நடுக்கடலுக்குப் போய் வருவது கழிவைக் கொட்டவும் கடல்நீரைக் குடிதண்ணீராக மாற்றி எடுக்கவும். ஆயிரம் பேர் வேலை பார்த்த கப்பலில் இப்போது எண்பது பேர். சாப்பாடு பொட்டலமாகக் கதவுக்கு வெளியே வரும். ஒருத்தர் அறைக்குள் இன்னொருத்தர் கால் வைத்தால் கேப்டன் வரைக்கும் போகும்.

ஜெரூஷாவுக்கு மூச்சு வந்தது. சின்ன மூக்குக்காரி மாடம்பாக்கம் ரோட்டிலேயே மறைந்துபோனாள். சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்போடுதான் கேட்டாள், அண்ணன் ஊருக்கு வர எப்போது முறை வரும் என்று.

அசரியா மாஸ்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். செருப்பைப் பார்த்தான்.

“அக்கா, அண்ணா உங்ககிட்ட சொல்லலையா? லிஸ்ட்ல பர்ஸ்ட் பேரே அவருதான். ஜூன்லயே வந்துச்சு, ப்ளைட்டுதான் ஆகஸ்ட்ல. என் பேரைப் போடச் சொல்லிட்டு அவரு நின்னுட்டாரு.”

“ஏன்?”

“கப்பலை உடைக்கறதுக்குத் துருக்கிக்குக் கொண்டுபோகப் போறாங்க. அதுவரைக்கும் இருக்க யாருக்கு இஷ்டம்னு கேட்டாங்க. அண்ணா கை தூக்கிட்டாரு. ஆயுசுல முதல் தடவை ஜன்னல் வச்ச ரூம்ல தனியாத் தூங்கறேன்டா, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னாரு. தப்பா எடுத்துக்காதீங்க அக்கா.”

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகத்தான் எடுத்துக்கொண்டாள்; அதுதான் வலித்தது. மூன்று மாதமாக விமானம் இல்லை, கம்பெனி விடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன். ஒரு பெண்ணாக இருந்தால் போய்ச் சண்டை போடலாம், அழலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். ஒரு ஜன்னலோடு எப்படிச் சண்டை போடுவது? கேம்ப் ரோடு திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டி நின்றாள். அவளுக்குத் தனியாகத் தூங்கப் பிடிக்காதா? அவளுக்கு ஜன்னல் வேண்டாமா? அவளை யாராவது கேட்டார்களா? கோபத்தில் பாதி பொறாமை என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் கோபம் குறையவில்லை.

அன்றைக்கு எட்டு மணிக்குப் பாட்டு முடிந்தது. ஹெப்சி சங்கீதம் வாசித்தாள். ரத்தினபாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். ஜெரூஷா இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டாள்.

ஷெர்வின் ஓசைப்படாமல் எழுந்தான். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டுப் பால்கனிக்குப் போனான். அவன் அதைச் சரியாக மூடவில்லை. இடைவெளியில் அவள் பார்த்தாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டாவது நாற்காலியை இழுத்து அதன்மேல் காலைப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். போனைப் பார்க்கவில்லை, சிகரெட் பிடிக்கவில்லை. சும்மா கடலைப் பார்த்தான். பக்கவாட்டில் தெரிந்த அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை, ஹெப்சி பிறந்தபோதும் பார்த்ததில்லை. நிம்மதியான முகம். அதில் அவள் எங்குமே இல்லை.

ரத்தினபாயின் குரல் இறங்கியது. ஷெர்வின் காலை எடுத்தான், வந்தான், உட்கார்ந்து கண்ணை மூடினான். இனி ஜெரூஷா பரமண்டல ஜெபத்தை ஆரம்பிக்க வேண்டும்.

“ஆண்டவரே,” என்றாள் ஜெரூஷா. “லிஸ்டில் முதல் பேராக வந்தும், அதை அசரியாவுக்கு விட்டுக்கொடுத்த உம்முடைய மகனுக்காக ஸ்தோத்திரம்.”

ஷெர்வின் கண் திறந்தது. எதிரே அவள் கண் திறந்திருந்தது. ரத்தினபாயின் கூப்பிய விரல்கள் இறுகின. ஆனால் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்கிற வழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை.

“ஜூலை மாதத்திலிருந்து இந்த வீட்டில் இருபது இருபது நிமிஷமாக ஏறெடுத்த ஜெபத்தைப் பால்கனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு ஜன்னல் கொடுத்தீர், ஸ்தோத்திரம். எனக்கும் ஒன்று வேண்டும் என்று உமக்குத் தெரியும். அவருக்கு இங்கே வர மனதிருந்தால் சீக்கிரம் வரச்செய்யும். மனதில்லையென்றால், இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியத்தைத் தாரும். ஆமென்.”

“ஆமென்,” என்றாள் ஹெப்சி. பரமண்டல ஜெபம் விட்டுப்போனதில் அவளுக்குச் சந்தோஷம்.

“ஆமென்,” என்றாள் ரத்தினபாய், தொண்டைக்குள்ளே.

போனிலிருந்து ஆமென் வரவில்லை. ஒருநாளும் பிந்தாத ஆமென். ஷெர்வின் வாயைச் சற்றுத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். ரத்தினபாய் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

“நெட்வொர்க் போயிடுச்சு போலிருக்கும்மா. படம் அப்படியே நிக்குது,” என்றாள். போனை எடுக்கக் கை நீட்டினாள்.

ஜெரூஷா அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

“நிக்கல அத்தை. பின்னாடி பாருங்க, கர்ட்டன் ஆடுது.”