பதினேழாம் காரின் தாள்

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும் என்பது சாகினா ஊரில் டென்மோர் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பெயின்ட் பட்டறை என்னுடையது. டென்மோர் சங்கத்தின் பதிவேடும் இருபது வருஷமாக என் கையில்தான். எந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறது, எதில் பிற்பாடு எவனோ கை வைத்திருக்கிறான் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ரூடி ஸ்டாஹுரா சிவப்புப் பென்சிலில் எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஓர்லீன் பிக்கெட் என் பட்டறைக்குள் வருகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

அவருடைய கணவன் லெமுவேலை எனக்கு நன்றாகத் தெரியும். டென்மோர் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பின் சீட் மாட்டியவன். 1967-இல் அங்கேயே தனக்கென்று இரண்டு கதவு கூபே ஒன்று சொல்லி வாங்கினான். அதன் நிறம் பீச் பழ நிறம். நன்றாகப் பழுத்த பீச். எண்பத்தொன்பதில் சங்கத்துக் கண்காட்சிக்கு அதை ஓட்டிக்கொண்டு வந்தபோது, அறுபத்தேழில் இப்படி ஒரு நிறமே கிடையாது, இது நீயே அடித்தது என்றேன். தொழிற்சாலையில் அடித்ததுதான் என்றான். என்னிடம் கம்பெனியின் நிறப் புத்தகம் இருந்தது. அதில் பதினாலு நிறம், பீச் இல்லை. புத்தகத்தைப் பிரித்து அவன் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினேன். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லெம் கத்தவில்லை. அத்தாட்சி காருக்குள்ளேயே இருக்கிறது, பின் சீட்டுக்கடியில், என்று மட்டும் சொன்னான். அது உண்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் ஒவ்வொரு காரோடும் ஒரு தாள் கூடவே வரும். என்ன எஞ்சின், என்ன நிறம், என்ன சீட் என்று எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். சீட் மாட்டுகிற இடத்தோடு அதன் வேலை முடிந்தது. குப்பைத் தொட்டி வரை நடக்கச் சோம்பல்பட்டு, சீட் ஸ்பிரிங்குக்குள் செருகிவிடுவார்கள். அந்தக் குப்பைதான் இன்றைக்கு எங்களுக்கு ஜாதகம். அப்படியானால் எடுத்துக் காட்டு என்றேன். அந்த சீட்டை மாட்டினது நான், நீ நம்ப வேண்டும் என்பதற்காக அதைப் பிய்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் பதிவேட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதினேன்: நிறம் தவறு.

போன குளிர்காலத்தில் லெம் இறந்துபோனான். கார் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும் என்று அவன் மனைவி ஓர்லீன் முடிவு செய்தார். அவர்களும் வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் சங்கப் பதிவேட்டைப் பார்த்தவர்கள், நிறம் தவறு என்றிருப்பதால் சரியான நிறத்தை அடித்துத்தான் உள்ளே வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் கடைசியில் பெயின்ட் வேலை. அந்த வேலையை என் பட்டறைக்கே கொடுத்திருந்தார்கள்.

ஏப்ரலில் ஒரு காலை ஓர்லீன் பிக்கெட் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினார். எழுபது வயசு இருக்கும். கையில் பெரிய கைப்பை. உட்காரக்கூட இல்லை.

"மிஸ்டர் ஸ்டாஹுரா, எங்க வீட்டுக்காரர் பொய் சொன்னார்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க. எதை வச்சு எழுதுனீங்கன்னு பாக்கணும்."

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பின்னட்டையைப் பார்த்தார், பிறகு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இது கம்பெனி அச்சடிச்சதா, இல்ல அதைப் பாத்து வேற யாராவது அச்சடிச்சதா?"

சுருக்கென்றது. மறுபதிப்புதான், எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறோம். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை என்று வீராப்பாகச் சொன்னேன். அந்தம்மா மறுபதிப்புக்காரன் பெயரைக் குறித்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கே பின் சீட்டைக் கழற்றச் சொன்னார். லெம் தொடவிடாத சீட். அவரே பக்கத்தில் நின்றார். நான் பார்த்துப் பார்த்துக் கழற்றி, தலைகீழாகத் திருப்பினேன். சாக்குத் துணிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே நாலாக மடித்த தாள். பிரித்தேன். நிறம்: தந்த வெள்ளை. வண்டி எண் 4416. வாசலில் நிற்கிற கார் 4417.

வேறு காரின் தாள். சீட் மாட்டுகிற இடத்தில் எப்போதாவது இப்படித் தவறி விழும். அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? இதோடு விட்டுவிடுங்கள், உங்கள் தாள் எங்கே போய்ச் சேர்ந்ததோ என்றேன்.

"எங்கயும் போயிருக்காது. எங்க ஆபீஸ்ல ஒரு பத்திரம் தப்பான உறையில கிடைச்சா, சரியானது பக்கத்து உறையில இருக்கும். குனிஞ்சு தேடணும், அவ்வளவுதான்."

4416 எங்கே என்று கேட்டார். பதிவேட்டில் இருந்தது, ஐயோவாவில் ஒரு பல் மருத்துவரிடம். அவர் காருக்கு உரிய தாளை அவருக்கே அனுப்பிவிட்டு, உங்கள் சீட்டுக்கடியில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வரி எழுதினார். அந்த மாதிரித் தாளுக்காக ஆளை ஆள் அடித்துக்கொள்ளும் கூட்டம் எங்களுடையது. இவர் ஒரு நிபந்தனையும் வைக்காமல் தபாலில் போட்டார். எனக்கு அப்போதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பல் மருத்துவர் நன்றி சொல்லி எழுதிய பதில் பத்து நாளில் வந்தது. அவர் சீட்டுக்கடியில் ஒன்றுமே இல்லை.

நான் உதட்டைப் பிதுக்கினேன். அந்தம்மாவோ கடிதத்தைப் படித்ததும் முதல் தடவையாகச் சிரித்தார். 4416-க்கு, அதாவது பதினாறுக்கு, தாள் வைக்க மறந்துபோயிருக்கிறார்கள். அதனால் பதினாறின் தாள் பதினேழில், பதினேழின் தாள் பதினெட்டில். எனக்கு இருபது வருஷத்தில் தோன்றாதது அவருக்கு ஒரே கடிதத்தில் தோன்றியது.

ஆனால் 4418 எங்கள் பதிவேட்டில் இல்லை. சங்கத்தில் சேராதவன் எவனிடமோ இருக்கிறது, அல்லது எப்போதோ நசுக்கப்பட்டுவிட்டது. அந்தம்மா பதிவேட்டிலிருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தன் கையாலேயே தபால் அட்டை எழுதினார்: உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது கடைசி நாலு எண் 4418 உள்ள டென்மோர் இருக்கிறதா? என் பட்டறை மூலையில் உட்கார்ந்துதான் எழுதினார். பெயின்ட் வாடைக்கு முகம் சுளித்ததில்லை. நடுவில் யாரிடமிருந்தோ நிறப் புத்தகத்தின் அசல் பக்கத்தை நகலெடுத்து வரவழைத்து என் முன்னால் வைத்தார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: வேறு நிறம் வேண்டுவோர் தனியாக எழுதிக் கேட்கலாம். மறுபதிப்புக்காரன் ஓரத்தை வெட்டியபோது அந்த வரியும் சேர்ந்து போயிருந்தது.

என் மூஞ்சியில் ஈயாடவில்லை. ஆனாலும் விடுவேனா? கேட்கலாம் என்றுதானே இருக்கிறது, லெம் கேட்டான் என்று இல்லையே என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். இது பத்தாது. இதை வச்சு நீங்க மாத்தி எழுதுனா நானே ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பேச்சில் நான் விழுந்தேன். தனக்குச் சாதகமான அரை அத்தாட்சியைத் தள்ளிவைக்கிற மனுஷியை அதுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் சங்கத்தில் கால் அத்தாட்சிக்கே பரிசுக் கோப்பை கேட்பார்கள்.

ஜூன் இரண்டாம் வாரம் ஒஹாயோவிலிருந்து ஓர் அட்டை வந்தது. டிஃபையன்ஸ் ஊருக்கு வெளியே எல்வுட் ஃபிஸ்டர் என்கிற சோயா விவசாயியின் கொட்டகையில் அப்படி ஒரு கார் கிடக்கிறது, ஆனால் ஆள் ஒரு மாதிரி என்று எழுதியிருந்தது. நானே வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அந்தம்மா கொண்டுவந்த ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டோம்.

ஃபிஸ்டர் எங்கள் வண்டி நிற்பதற்குள் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். கார் விற்பதற்கில்லை, போய் வாருங்கள் என்றார். வாரத்துக்கு ஒருவன் வந்து உயிரை எடுக்கிறானாம். அந்தம்மா மெதுவாக இறங்கினார்.

"காரை யாரு கேட்டா? உங்க சீட்டுக்கடியில எங்க வீட்டுக் குப்பை கிடக்குது. அதை எடுத்துட்டுப் போக வந்தேன்."

மனுஷன் சிரித்துக் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார்.

சீட்டைக் கழற்றித் திருப்பினேன். எலி. சாக்குத் துணி முழுக்கக் குதறிக் கூடு கட்டியிருந்தது. பஞ்சும் புழுக்கையும் காகிதத் துணுக்குமாக ஒரே குப்பை. நான் வாய்க்குள்ளேயே திட்டினேன். அந்தம்மா கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரித்து, மண்டியிட்டு, முடி பிடுங்குகிற இடுக்கியால் ஸ்பிரிங் சந்திலிருந்து ஒவ்வொரு துணுக்காக எடுத்து வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல். ஃபிஸ்டர் விளக்கைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். மேல் பாதி போய்விட்டிருந்தது. அந்தத் துணுக்குகளில் ஒன்றில் எண்ணின் வால் மட்டும்: 417. கீழ்ப் பாதி ஸ்பிரிங்குக்குள் இறுகிக் கிடந்ததால் எலிக்கு எட்டவில்லை. நிறம் என்ற கட்டத்தில் அச்செழுத்தில் இருந்தது: தனி நிறம், பீச்.

நான் தொப்பியைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது.

"இங்க ஏதோ கையால எழுதியிருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்க படிங்க" என்றார். அவருக்கு நன்றாகத் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

தாளின் ஓரத்தில் நீல மெழுகுப் பென்சிலால் கொட்டை எழுத்து. பெயின்ட் அடிக்கிற இடத்துக்காரன் எவனோ, அடுத்தடுத்த இடத்துக்காரர்களுக்கு எழுதிவிட்டது. சத்தமாகப் படித்தேன்: "நம்ம லெம்மோட கார். பாத்துப் பண்ணுங்கடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளைச் செருகினவன் யார்? பின் சீட் மாட்டுகிறவன். லெமேதான். தன் கார் பின்னால் வந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பதினாறுக்கு வைக்க மறந்திருக்கிறான். அதன் பிறகு கையில் கிடைத்ததைக் கிடைத்தபடி செருகியிருக்கிறான். கூட்டாளிகள் எழுதினதைப் படிக்கவே இல்லை. முப்பத்தோரு வருஷம் அத்தாட்சி தன் சீட்டுக்கடியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான். அதை அடுத்தவன் காரில் வைத்ததே அவன் கைதான்.

நான் சொன்னதும் அந்தம்மா, "ஆமா, அப்படித்தான் பாத்துருப்பார்" என்றார். "கல்யாணத்தன்னைக்கும் மோதிரத்தை வேற விரல்ல போட்டார்." பிறகு துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என் காரோட தாள்?" என்றார் ஃபிஸ்டர்.

"பத்தொன்பதுல." அந்தம்மா கைப்பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து அப்போதே எண்ணை எழுதிக்கொண்டார். ஃபிஸ்டர் எங்களைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று தான் வைத்திருந்த ருபார்ப் பை என்கிற இனிப்புப் பண்டத்தை எடுத்துவர உள்ளே போனார்.

நான் என் வண்டியிலிருந்து பதிவேட்டைக் கொண்டுவந்தேன். லெம் பெயருள்ள பக்கத்தைத் திறந்து, சிவப்பெழுத்தை அழிக்க ரப்பரை எடுத்தேன். அந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பதிவை அழிக்கக் கூடாது, ரூடி. ஒரே ஒரு கோடு போட்டு அடிங்க. கீழ இருக்கிறது படிக்கிற மாதிரி இருக்கணும். மேல சரியானதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்க."

கோடு போட்டேன். மேலே எழுதினேன்: நிறம் சரி, தொழிற்சாலையில் அடித்தது. தவறு என்னுடையது. ஜூன் 13, 1998. கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் பதிவேட்டை அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து புரியல. முழுப்பேரையும் தெளிவா எழுதுங்க" என்றார்.

பதிவேட்டைத் திரும்ப வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.