பிந்தி விதைத்த நிலம்

ஊரில் அவள் புருஷனுக்கு ‘ஆகட்டும்’ என்று பட்டப்பெயர். இரவல் கேட்டால் ஆகட்டும், இடுப்பு ஒடிகிற வேலை சொன்னாலும் ஆகட்டும். பெண் பார்க்க வந்த அன்றும் அதைத்தான் சொன்னான். அது ஒன்றில் மட்டும் அவள் குறை சொல்ல முடியாது.

தட்டைப்பயறை எப்போது விதைத்தால் எவ்வளவு காய்க்கிறது என்று ஊர் நிலங்களிலேயே விதைத்துப் பார்க்க வேண்டும் என்று பயிர் ஆபீசரம்மா ஒரு கூட்டம் போட்டாள். முதல் மழைக்கு விதைக்க ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். நன்றாகப் பிந்தி விதைக்க ஒரு நிலம் வேண்டும் என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஆபீசரம்மா அவனைப் பார்த்தாள். அவன் வாய் சும்மா இருக்குமா?

முதல் மழை பெய்தது. பக்கத்து நிலத்தில் நாத்தனார் ஈரம் காய்வதற்குள் விதைத்து முடித்தாள். இவள் விதைப்பானையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்கும் அடுத்த விதைப்புக்கும் அந்த ஒரு நிலம்தான்.

“நாலு வரிசையாவது போட்டுடலாங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“வாக்கு குடுத்துட்டேனே.”

கட்டிப்போட்ட மாடு மாதிரி அவள் வரப்பில் நின்று, மண் வெளுத்துக் காய்வதைப் பார்த்தாள். சொந்த நிலத்தில் கால் வைக்க முடியாத கொடுமை யாருக்கு வரும்?

ஆபீசரம்மா குறித்த நாளில் விதைத்தார்கள். முளைத்தது, வளர்ந்தது. பூக்கிற நேரத்தில் மழை நின்று அனல்காற்று கிளம்பிவிட்டது. பூத்த பூவெல்லாம் கொட்டியது. தப்பிப் பிடித்த காய்களை உரித்தால், சுருங்கிய பொக்குப் பயறு. நாத்தனார் களத்தில் பயறு குவிந்து கிடந்தது.

“பிந்தி விதைச்சா காய்க்காதுன்னு நான் சொல்றத, உங்க நிலம் இல்லன்னா யாரும் நம்பியிருக்க மாட்டாங்கக்கா,” என்று ஆபீசரம்மா மனசாரச் சொன்னாள். பிள்ளை பெயிலானதற்குப் பரிசு வாங்கினவள் போல இவள் சிரித்து வைத்தாள்.

அடுத்த விதைப்பு நெருங்கியபோது பானை காலி. நாத்தனார் விதைக்கு எடுத்து வைத்தது அவளுக்கே பற்றவில்லை. மிச்சத்தை வியாபாரி களத்திலேயே அள்ளிக்கொண்டு போயிருந்தான். கடைப் பயறை ஊறவைத்துப் பார்த்தாள், ஒன்றும் முளைக்கவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் ஆபீசுக்குப் போனார்கள். சுவரோரம் விதைப் பைகள் அடுக்கியிருந்தன. அவள் கண் அவற்றை விட்டு நகரவில்லை.

விதை இருக்கிறது, ஆனால் சோதனை நிலங்களுக்கு மட்டும்தான் என்றாள் ஆபீசரம்மா. இன்னும் ஒரு வருஷம் அதே நிலத்தில், அதே மாதிரி பிந்தி விதைத்துப் பார்க்க வேண்டுமாம்.

“முந்தி விதைக்க நிறையப் பேர் இருக்காங்கக்கா. சொன்ன நாள் வரைக்கும் காத்திருக்க உங்கள விட்டா ஆளில்ல.”

அவள் பக்கத்தில் நின்றவன் தொண்டையைச் செருமினான். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் வாயில் அவள் கேட்டிராத சொல் வந்தது.

“வேணாங்க.”

அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் வீட்டுப் பானையில் ஒரு மணி விதை இல்லை. பிந்தி விதைத்தால் பொக்காவது மிஞ்சும். விதைக்காவிட்டால் அதுவும் இல்லை.

“அவரு கெடக்கறாரு,” என்றாள். “ஆகட்டும்மா.”

விதைப் பையோடு பாதி வழி வந்தபோது முதல் மழை பிடித்துக்கொண்டது. பை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நடந்தாள். வழியெல்லாம் ஆட்கள் விதைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.