செல்லியின் தட்டில் வெள்ளையன்

பெங்களூரிலிருந்து பங்காருபேட்டை வண்டியில் திரும்பும்போது டெய்சியின் மடியில் கூடை, கூடைக்குள் அவள் பூனை செல்லி. மிருக டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது.

"ரத்தத்துல லூக்கேமியா வைரஸ் இருக்கும்மா. பார்க்க நல்லாத்தான் இருக்கும், சில வருஷம்கூட ஓட்டிடும். மனுஷருக்கு ஒட்டாது. ஆனா எச்சில் பட்டா மத்த பூனைக்கு ஒட்டும். வெளியே விடாதீங்க. தனித் தட்டு வெச்சிடுங்க."

தனித் தட்டு. அங்கேதான் அவள் மனசு கல்லானது.

அவள் வீட்டுக்காரர் மாணிக்கராஜ் சுரங்கத்துத் தூசியில் நெஞ்சு கெட்டு இருமிக் கிடந்த காலத்தில், பக்கத்து வீட்டுப் பார்வதம்மா அவருக்கென்று ஒரு சொட்டை டம்ளர் வைத்திருந்தாள். தூசி நோய் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு அவரே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். சாகிறவரைக்கும் அப்படித்தான். பார்வதம்மா அதை மறந்துபோனாள். டெய்சி மறக்கவில்லை.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவில் மூங்கில் தட்டிதான் சுவர். பார்வதம்மாவின் பூனை வெள்ளையன் அதில் ஏறி இந்தப் பக்கம் குதிக்கும். பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு அதுதான் பிள்ளை. மறுநாள் காலையிலும் குதித்தது.

ஒரு 'சூ' சொல்லியிருந்தால் போதும், கண்ணுகளா. டெய்சி சொல்லவில்லை. பால்சோற்றைச் செல்லி பாதி நக்கியதும் வெள்ளையனை இழுத்து அதே தட்டில் விட்டாள்.

"இன்னா டெய்சி, என் புள்ளைக்கும் சேர்த்து ஊட்றியா?" தட்டிக்கு அப்பாலிருந்து பார்வதம்மா சிரித்தாள். "டாக்டரு இன்னா சொன்னாரு?"

"வயித்துல பூச்சியாம்க்கா."

"அதுக்கா அம்மாந்தூரம் போன? எனக்குப் பல்லு வலிச்சா கிராம்பு, உம் பூனைக்கு ரயிலு சவாரி!"

தினமும் அதே தட்டு. செல்லி மினுமினுவென்றே இருந்தது. மழைக்காலம் வந்தபோது வெள்ளையனின் ஈறு வெளுத்துவிட்டது. தூக்கினால் நனைந்த துணிபோலத் தொங்கியது.

பார்வதம்மா அதைக் கோலாருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்த அன்று நேரே டெய்சி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளையன் முந்தானைக்குள் மூச்சுக்குத் தவித்தது. திட்டுவாள், மயிரைப் பிடிப்பாள் என்று டெய்சி காத்திருந்தாள். பதிலும் தயாராக வைத்திருந்தாள், வருஷக்கணக்காய்ச் சேர்த்த பதில்.

"கோச்சிக்காத டெய்சி. எச்சில்ல ஒட்ற நோவாம். உன் ஊட்லதான துன்னுச்சி இது? உன் செல்லிக்கும் குடுத்திருக்கும், பாவி. நான் கட்டி வெக்காத உட்டுட்டன்டி." அவள் டெய்சியின் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மன்னிச்சிடுடி."

டெய்சி வாயைத் திறந்தாள். சேர்த்து வைத்த பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"பரவால்லக்கா," என்றாள். "வேணும்னேவா செஞ்சீங்க?"

பார்வதம்மா அவள் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். டெய்சி அந்த முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தாள். இதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கையை எடுக்கவே மனசு வரவில்லை.