ஃ போட்ட சொல்

ரூபனுக்கு எழுத்து ஏறாது. பன்னிரண்டு வயது முடிந்தும் பள்ளிக்கூடத்தில் அவனைச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தி வைத்திருந்தார்கள். அவன் தகப்பன் ஹெர்ஷின் பேக்கரியில்தான் எனக்கு இரவு வேலை. மெல்பேர்ன், 1975. பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு மாப் பிசைவது பெரிய இறக்கம் இல்லை.

யூதப் பையன்களுக்குப் பதின்மூன்று வயதில் பார் மிட்ஸ்வா என்றொரு சடங்கு. அவர்களுடைய கோயிலில் எல்லார் முன்னும் நின்று, எபிரேயத்தில் துதி சொல்லி, தோரா வேதச் சுருளில் மூன்று வரி பாட வேண்டும். படிப்பிக்க வந்த வாத்தியார் மூன்றாம் கிழமையே கைவிட்டார்.

"பெடியன் பேசாமல் நிக்கட்டும். தகப்பன் நீங்கள் வாசியுங்கோ."

எல்லாவற்றையும் பாடிப் பதிந்த ஒரு கசெற்றை மட்டும் விட்டுப் போனார். ஹெர்ஷ் அதை என்னிடம் தந்தார்.

"விடிய வேலை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கை இதை அவனுக்குப் போட்டுவிடு, நித்தி. அவன்ர வாயால ஒருக்கால் கேட்டாப் போதும் எனக்கு."

எபிரேயம் எனக்குத் தெரியாது. அவன் எங்கே தடுக்குகிறான் என்று பார்ப்பதற்காக, கேட்டதை மாப் பைக் கடதாசியில் தமிழில் எழுதினேன். என் அறைக்காரன் கேதீஸ்வரன் கண்டுவிட்டான்.

"இஞ்சினியராகேல்லை, சரி. இப்ப ஐயராகப் போறியோ?"

ரூபன் முதல் சொல்லிலேயே விழுந்தான். அதில் இரண்டு எழுத்துக்கு நடுவே, அடியில் ஒரு சின்ன வால்தான் வித்தியாசம். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வாய் திறக்குமுன் என்னைப் பார்த்தான், கை ஓங்கியவனைப் பார்ப்பதுபோல.

நான் என் கடதாசியை வாசித்தேன். "பார்கு."

அவன் நிமிர்ந்தான். "பிழை."

"என்ன பிழை?"

"பேப்பருக்கு வாற ப இல்லை. பஸ்ஸுக்கு வாற ப. பிறகு கு இல்லை, தொண்டையில மீன் முள்ளு மாட்டினமாதிரி." சொல்லிக் காட்டினான். கசெற்றில் இருந்தது அப்படியே வந்தது. அவனுக்குக் காது இருந்தது. அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

அந்த முள்ளுக்கு என்ன எழுதுவது? எஃகில் வரும் எழுத்து ஞாபகம் வந்தது. பார்ஃகூ.

"இதென்ன, பேகல் பாணில விழுந்த எள்ளு?"

"உன்ர மீன் முள்ளு."

இரண்டு மாதம், ஒவ்வொரு காலையும் நான் வாசித்தேன், அவன் திருத்தினான். சில பிழைகள் வேண்டுமென்று விட்டவை. மற்றதெல்லாம் உண்மையான பிழை.

"நித்தி, நீ சரியான மொக்கன்," என்பான். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்தான்.

பார் மிட்ஸ்வாச் சனிக்கிழமை, கோயிலில் இரவல் தொப்பியோடு பின்வரிசையில் நின்றேன். ரூபன் மேடையேறினான். சுருளைக் குனிந்து பார்த்தான். வாய் திறக்கவில்லை. யாரோ இருமினார்கள். வாத்தியார் கிட்டப் போனார். ஹெர்ஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

ரூபன் தலையைத் தூக்கி என்னைத் தேடினான். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் நான் எப்படிச் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் முகம் சுளித்தான். "பார்ஃகூ!" என்றான், முள்ளோடு, கடைசி வரிசை வரைக்கும்.

பிறகு அந்த மூன்று வரி. ஓரிடத்தில் தவறினான். முன்வரிசைக் கிழவர்கள் உரக்கத் திருத்தினார்கள். அங்கே அது வழக்கம். திருத்திச் சொல்லிவிட்டு மேலே போனான்.

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இண்டைக்கும் பிழையாத்தானே சொன்னனி?"

"ஓம்," என்றேன்.